பெட்டியில் உறங்கும் கோலங்கள்

நூலும் ஊசியும் ஆயத்தமாக உள்ளன. எந்தக் கோலத்தைப் பின்னுவது? கைவேலையில் ஈடுபாடு கொண்ட ஒவ்வொருவரையும் என்றேனும் ஒருநாள் தடுத்து நிறுத்தும் கேள்வி இது. அச்சிட்ட மாதிரிப் புத்தகங்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஆயினும் பலரும் பின்னிய அதே பூவை நாமும் பின்னுவதில் மனம் நிறைவதில்லை. இக்கேள்விக்குக் குஜராத் மாநிலத்தின் கட்ச் மாவட்டப் பெண்கள் கண்ட விடை நாம் அறிந்துகொள்ளத்தக்கது.

அங்கு ஒட்டகமும் ஆடும் மேய்த்து வாழ்ந்த ரபாரி மக்களின் துணிகளில் அவர்தம் அன்றாட வாழ்வே விரிந்து கிடக்கிறது. ஒட்டகம், மயில், தேள், கோயில், நீர்க்குடம் சுமக்கும் பெண் ஆகியவற்றைச் சங்கிலித் தையலால் தீட்டி, இடையிடையே கண்ணாடிச் சில்லுகளைப் பதிக்கின்றனர். 1971ஆம் ஆண்டுப் போரையொட்டிச் சிந்துப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய பெண்களின் 'சூஃப்' வேலைப்பாடு வேறு வகையினது. துணியில் அவர்கள் கோடு வரைவதில்லை. நெசவின் இழைகளை எண்ணி, துணியின் பின்புறமிருந்து ஊசியைச் செலுத்தி, முக்கோணங்களை அடுக்கிச் செல்கின்றனர். கோலம் முழுவதும் மனத்திலேயே இருத்தல் வேண்டும்.

இவர்களுக்கு மாதிரிப் புத்தகமாக விளங்கியவை, தாயும் பாட்டியும் திருமணத்திற்கெனத் தைத்துப் பெட்டியில் காத்துவந்த துணிகளே. வறட்சிக் காலங்களில் அவற்றையும் விற்க நேர்ந்தது. பசித்த வீடு வேறென்ன செய்யும்? துணி கைமாறியபோது, அடுத்த தலைமுறை பார்த்துக் கற்க வேண்டிய பாடமும் உடன் சென்றது.

1969ஆம் ஆண்டு வறட்சியின்போது தனேட்டி என்னும் சிற்றூருக்கு நிவாரணப் பணிக்காகச் சென்ற சந்தாபென் ஷ்ராஃப், அங்குள்ள பெண்களின் கைத்திறனைக் கண்டு அவர்களுக்குப் பூத்தையல் வேலை அளித்தார். அவ்வாறு தோன்றியதே 'ஸ்ருஜன்' அமைப்பு. பின்னாளில் பல சமூகங்களின் வேலைப்பாடுகளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துணிப் பலகங்களில் தைக்கச் செய்து, அவற்றை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்று காட்டும் திட்டத்தை வகுத்தார். 2006இல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது இதற்காகவே. 1993இல் தொடங்கப்பெற்ற 'கலா ரக்ஷா' அமைப்போ, பழந்துணிகளைத் திரட்டிக் கைவினைஞர் வாழும் சுமராசர் கிராமத்திலேயே காட்சியகம் அமைத்தது. தம் முன்னோர் கைவேலையைக் காண அப்பெண்கள் நகரத்திற்குச் செல்ல வேண்டியதில்லை.

ஆயினும் மரபைக் காப்பது மட்டுமே வழி அன்று. மணப்பெண் கொண்டுசெல்ல வேண்டிய தையல் துணிகளின் எண்ணிக்கை பெருகித் திருமணங்கள் தள்ளிப்போனதால், 1995இல் டேபரியா ரபாரி சமூகப் பெரியோர் தம் மக்கள் பூத்தையல் ஆடை அணிவதற்குத் தடை விதித்தனர். பெண்கள் ஓய்ந்துவிடவில்லை. கடையில் விற்கும் நாடாவையும் சரிகைப் பட்டையையும் வெட்டி, தையல் இயந்திரத்தால் பொருத்திப் புதிய அலங்காரத்தை உருவாக்கினர். 'ஹரி ஜரி' எனப்படும் இவ்வேலையைக் கைப்பைகளில் அமைத்துத் தம் பெயரிலேயே ஒரு தொழிலை நிறுவியவர் பாபிபென் ரபாரி. பழைய கோலத்தை உள்ளத்தில் கொண்டவருக்குப் பொருள் மாறினாலும் கற்பனை வற்றுவதில்லை.

நமக்கும் இவ்வழி பொருந்தும். வீட்டுப் பெட்டியில் உள்ள பழம்புடவையின் கரையையோ போர்வையின் மூலையையோ பகல் வெளிச்சத்தில் விரித்து, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, முன்புறமும் பின்புறமும் படம் எடுத்துக்கொள்வோம். முழுத் துணியையும் படியெடுக்க முயல வேண்டாம். ஒரு மயில், ஒரு முக்கோணம் போதும். இழை எண்ணித் தைத்த கோலங்கள் கட்டமிட்ட தாளில் எளிதாக அமைவதால், கம்பளிப் பின்னலுக்கு மிகவும் ஏற்றவை.

இங்கு ஒரு கவனம் தேவை. பின்னலின் கண்ணி சதுரமன்று. உயரத்தைவிட அகலம் மிகுந்தது. பத்துச் சென்டிமீட்டர் சதுரத்தில் 22 கண்ணிகளும் 30 வரிசைகளும் அமைவதாகக் கொள்வோம். தாளில் 22 கட்ட அகலமும் 22 கட்ட உயரமும் கொண்ட முக்கோணம், பின்னி முடித்தபின் பத்துச் சென்டிமீட்டர் அகலமும் ஏழுக்குச் சற்று மேற்பட்ட உயரமுமாகத் தட்டையாகிவிடும். ஆகவே முதலில் மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி அளந்து, அதற்கேற்ப வரிசைகளைக் கூட்டிக்கொள்ளல் நன்று.

புஜ் நகருக்கு அருகில் அஜ்ரக்பூரில் ஸ்ருஜன் 2016இல் திறந்த அருங்காட்சியகமும், அகமதாபாத்தின் காலிகோ அருங்காட்சியகமும் பயணத் திட்டத்தில் இடம்பெறத்தக்கவை. அங்குக் கண்ட கோலம் ஒன்றைத் தழுவிப் பின்னுவோமாயின், அது எவருடைய மரபு என்பதைச் சொல்லுவதும், அவர்தம் கைவேலையை உரிய விலைக்கு வாங்குவதும் நம் கடமையாகும்.

சேமிப்பு என்பது பணம் மட்டுமன்று. பழைய புடவையைப் பாத்திரக்காரரிடம் கொடுக்குமுன் ஒருமுறை விரித்துப் பார்ப்போம். அதன் இழைகளை எண்ணி ஒரு தாளில் குறித்து வைப்போம். துணி கைமாறினாலும் கோலம் நம் வீட்டில் தங்கும்.