பகடையும் கூற்றும்: பாத்திர ஆட்டங்களுக்குப் பினாங்குத் துறைமுகம் ஒரு களம்



1816ஆம் ஆண்டில் பினாங்கு இலவசப் பள்ளி தொடங்கப்பெற்றபோது அங்கே ஒரு தமிழ் வகுப்பும் அமைந்தது. மலேசியத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக நாம் அதனையே சுட்டுகிறோம். இரு நூற்றாண்டுகள் கடந்தும் அவ்விளக்கு அணையவில்லை. எனினும் ஒரு குறை நம் கண்முன் நிற்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற மாணவர் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும், அவருக்குத் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது. கட்டுரை எழுதுகிறார், தேர்வும் எழுதுகிறார். ஆனால் வேண்டுதல், மறுத்தல், பேரம் பேசுதல், தேற்றுதல், வாக்குக் கொடுத்தல் ஆகியவற்றை ஒரு மணி நேரம் இடைவிடாது தமிழிலேயே செய்யும் வாய்ப்பு அவருக்கு எங்கே கிடைக்கிறது? அத்தகைய வாய்ப்பை ஒரு விளையாட்டு தரக்கூடும் என்பதும், எவ்வகை விளையாட்டு அதற்கு ஏற்றது என்பதுமே இவ்வுரையின் பொருள்.

1. பாத்திர ஆட்டம் யாது?

நால்வர் அல்லது ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஆட்ட நடத்துநர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கின்றனர். நடத்துநர் ஒரு சூழலைச் சொல்கிறார். பாத்திரம் ஏற்றவர் தாம் என்ன செய்வார், என்ன சொல்வார் என்று கூறுகிறார். முடிவு ஐயத்திற்குரியதாக இருக்கும்போது பகடை உருட்டப்படுகிறது. மேடை இல்லை, மனப்பாடம் செய்த உரையாடலும் இல்லை. கதை பேச்சிலேயே பிறந்து பேச்சிலேயே வளர்கிறது.

இவ்வகை ஆட்டங்களுள் முதலாவதாக அச்சில் விற்பனைக்கு வந்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர் அதனை 1974இல் வெளியிட்டனர். பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டிலிருந்து அது கிளைத்தது. படை முழுவதையும் நடத்துவதற்கு மாறாக, ஒருவர் ஒரே ஒரு வீரனாக ஆடினால் என்ன என்ற வினாவே அதன் வித்து.

இத்தகைய ஆட்டம் எதனையும் மூன்று கூறுகளாகப் பிரித்துக் காணலாம். ஆட்டத்தின் முழு அமைப்பு 'விதிமுறை'. பகடை எப்படி உருள்கிறது, அதனால் என்ன விளைகிறது என்பது 'இயக்கம்'. கதை நிகழும் உலகம் 'களம்'.

2. நம் வீட்டு ஆட்டங்கள்

இக்கூறுகள் நமக்குப் புதியன அல்ல. தாயத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு முகங்களில் 0, 1, 2, 3 எனக் குறியிட்ட இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 வகை விழுகைகள் உண்டு. அவற்றுள் ஒன்று விழுவது இரண்டு வகையில். அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. அந்தத் தாயம் விழுந்தால்தான் காய் களத்தில் இறங்கும். பிறர் காய்கள் சுற்றி வரும்போது தாயம் விழாமல் காத்திருப்பவரின் தவிப்பு தற்செயலாக வந்ததன்று. அந்த எட்டில் ஒன்று என்ற கணக்கு உண்டாக்கியது. இயக்கம் உணர்வைப் படைக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை.

ஆடுபுலி ஆட்டத்தில் பகடையே இல்லை. ஆனால் இருவரும் ஒரே நிலையில் நின்று ஆடுவதில்லை. ஒருவர் வலிய சிலவாகிய புலிகள். மற்றவர் எளிய பலவாகிய ஆடுகள். இங்கே பாத்திரம் உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபத சோபன படத்தில் களம் மிகப் பெரிது: பாம்பு பாவம், ஏணி புண்ணியம், உச்சி வீடுபேறு. ஆயினும் அங்கே ஆடுபவருக்குத் தெரிவு இல்லை. பகடை சொன்ன இடத்துக்குக் காய் நகர்கிறது, அவ்வளவே. களம் எவ்வளவு பெரிதாயினும், தெரிவு இல்லாத இடத்தில் பாத்திரம் இல்லை.

ஆகவே இயக்கமும் பாத்திரமும் களமும் நம் ஆட்டங்களில் தனித்தனியே உள்ளன. மூன்றும் ஒன்றுகூடி, அவற்றோடு பேச்சும் சேர்ந்தால் அதுவே பாத்திர ஆட்டம்.

3. விதி எதைப் பற்றிப் பேச வைக்கிறது?

ஆட்டங்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் பகடையையும் களத்தின் கவர்ச்சியையும் பற்றியே வாதிடுவர். என் கருத்து வேறு. ஓர் ஆட்டத்தை மதிப்பிடும்போது நாம் கேட்க வேண்டிய முதல் வினா, அதன் விதிகள் ஆடுவோரை எதைப் பற்றிப் பேச வைக்கின்றன என்பதே.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் தொடக்க விதிகளில் ஆயுதம், மந்திரம், அரக்கர், புதையல் ஆகியவையே மிகுதி. அரக்கரை வெல்வதாலும் புதையல் சேர்ப்பதாலும் பாத்திரம் உயர்வு பெறும். எனவே மேசையில் எழும் பேச்சும் அவற்றைப் பற்றியதே. இன்று புழங்கும் அதன் வடிவத்தில், இருபது முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு பாத்திரத்தின் திறனைக் கூட்டி, இலக்கு எண்ணை எட்டியதா என்று பார்ப்பர். புதியவர்க்கும் எளிதில் விளங்கும் முறை இது. ஆனால் அதன் விடை பெரும்பாலும் 'ஆம்' அல்லது 'இல்லை' என நின்றுவிடுகிறது. வகுப்பறையில் 'இல்லை' என்ற விடைக்குப் பின் பேச்சு அறுந்துபோகும்.

1977இல் வெளிவந்த 'டிராவலர்' வான்வெளி வணிகரைப் பற்றியது. அதில் கப்பல் வாங்கியவர், முன்பணம் போக, விலையில் 240இல் ஒரு பங்கை மாதந்தோறும் 480 மாதங்கள், அதாவது நாற்பது ஆண்டுகள் கட்ட வேண்டும். இந்த ஒரு விதியே ஆட்டத்தை நடத்துகிறது. கடன் இருப்பதால் சரக்குத் தேட வேண்டும். சரக்குத் தேடுவதால் பேரம் பேச வேண்டும். பேரம் பேசுவதால் அயலாரோடு பழக வேண்டும். விண்மீன்களுக்கிடையே நிகழும் கதைதான். எனினும் துறைமுக ஊரார்க்கு அதன் உயிர் எளிதில் விளங்கும்.

மூன்றாவது, வின்சென்ட் பேக்கரும் மெகுவி பேக்கரும் உருவாக்கிய 'அப்பொகலிப்ஸ் வேர்ல்ட்' (2010). இதில் இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேலாயின் எண்ணியது கைகூடும்; 7 முதல் 9 வரையாயின் கைகூடும், ஆனால் ஒரு விலை உண்டு; 6 அல்லது அதற்குக் கீழாயின் நடத்துநர் இடர் ஒன்றைப் புகுத்துவார். பாத்திரத்தின் திறனைச் சேர்க்காமல் கணக்கிட்டால், நடுநிலை விளைவுக்கு 36இல் 15 வாய்ப்பு. 'கிடைக்கும், ஆனால்...' என்னும் அந்த விடையே பேச்சை வளர்க்கிறது. மொழிப் பயிற்சிக்கு இம்மூன்றனுள் சிறந்த இயக்கம் இதுவே என்பது என் துணிபு.

4. கூற்றும் திணையும்

விதி பேச்சை வழிநடத்தும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். சங்க அகப்பாடல்கள் யாவும் கூற்றுகள். தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய், பாங்கன், கண்டோர் என்போருள் ஒருவர் பேசுகிறார். யார், யாரிடம், எந்தச் சூழலில் கூறினார் என்பதனைப் பாடலின் அடிக்குறிப்பு சொல்கிறது. அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. பெயர் நீங்கியதால் பாத்திரம் எவருக்கும் உரியதாயிற்று. ஓர் ஆண்பாற் புலவர் தலைவியாகப் பேசினார். பெண்பாற் புலவர் தோழியாகவும் பேசினார். பாத்திரமேற்றல் என்பதன் இலக்கணமே இதுதான்.

களத்துக்கும் நம்மிடம் ஓர் இலக்கணம் உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கு வாழும் மக்கள், தொழில், பறை, பறவை, உணவு முதலியன கருப்பொருள். அங்கு நிகழும் உணர்வும் ஒழுக்கமும் உரிப்பொருள். பல ஆட்ட நூல்கள் களத்தை வருணிக்கும்போது முதலிரண்டையும் பக்கம் பக்கமாக நிறைக்கின்றன, மூன்றாவதை மறந்துவிடுகின்றன. அரண்மனையின் அளவு தெரியும். அங்கு வாழ்வோர் எதற்கு ஏங்குகின்றனர் என்பது தெரியாது. உரிப்பொருள் இல்லாத களம் வெறும் வரைபடம்.

நம் நாட்டிலும் இவ்வுணர்வோடு களம் படைத்தோர் உள்ளனர். எழுத்தாளர் ஸெடெக் சியூவும் ஓவியர் மூன் காவும் 'ஆயிரமாயிரம் தீவுகள்' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் சிறு நூல்களை வெளியிட்டனர். ஐரோப்பியக் கோட்டைகளை விடுத்துத் தென்கிழக்காசியத்தின் ஆறும் காடும் முதலையும் அவற்றில் களமாயின. மலேசியர் தம் மண்ணையே ஆட்டக் களமாக்கியது போல், தமிழரும் தம் துறைமுகத்தைக் களமாக்கலாம் அல்லவா?

5. பினாங்குத் துறைமுகம்

1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவிய பின் தமிழ் முஸ்லிம் வணிகரும் படகோட்டிகளும் இங்கே பெருகினர். சூலியா சாலையின் பெயரும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அவர்களை இன்றும் நினைவூட்டுகின்றன. 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில் குயின் தெருவில் உள்ளது. நகரத்தாரின் கிட்டங்கிகள் நிறைந்த பினாங்குத் தெருவைத் தமிழர் கிட்டங்கித் தெரு என்றே அழைத்தனர். 'ரஜூலா' போன்ற கப்பல்கள் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் மக்களைக் கொணர்ந்து இத்துறையில் இறக்கின. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இவ்வூரையும் மேடானையும் களமாகக் கொண்டது.

கிட்டங்கி ஒன்றே ஆட்டத்துக்குரிய பாத்திரங்களை வரிசைப்படுத்தித் தருகிறது. ஊரில் இருக்கும் முதலாளி, இங்கே பொறுப்பேற்ற மேலாள், அவருக்குத் துணையான அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். ஒவ்வொருவரும் மற்றவரோடு பேசும் முறை வேறு. மேலாளிடம் பையன் பேசும் தமிழ் ஒன்று. தொங்கான் ஓட்டுநரிடம் அவனே பேசும் தமிழ் மற்றொன்று. மரியாதைச் சொல்லும் முறைப்பெயரும் பாடநூலில் விளங்குவதைவிட இங்கே தெளிவாக விளங்கும்.

இனி, ஒரு சிறு ஆட்டத்தை முன்வைக்கிறேன். முதற்பொருள்: கப்பல் வந்து நிற்கும் துறை, விடியற்பொழுது. கருப்பொருள்: தொங்கான், சுங்கச்சாவடி, பேரேடு, தகரப்பெட்டி, ஊரிலிருந்து வந்த கடிதம். உரிப்பொருள்: பிரிவும் எதிர்பார்ப்பும். பாத்திரங்கள் ஐந்து: மேலாள், பெட்டியடிப் பையன், தொங்கான் ஓட்டுநர், கணவனைத் தேடிக் கப்பலில் வந்திறங்கிய பெண், பல மொழி அறிந்த சுங்க எழுத்தர். எவருக்கும் இயற்பெயர் இல்லை. ஒவ்வொருவருக்கும் அன்று மாலைக்குள் நிறைவேற வேண்டிய ஒரு வேட்கை உண்டு.

ஒருவர் பிறரிடம் ஒன்றை வேண்டும்போது, கருப்பொருளில் ஒன்றைத் தம் பேச்சில் குறிப்பிட வேண்டும். பிறகு இரு தாயக்கட்டைகளை உருட்டுக. தாயத்தில் மறு உருட்டுத் தரும் எண்களாகிய 1, 5, 6, 12 விழுந்தால் வேண்டியது கிடைக்கும். 16இல் 6 வாய்ப்பு. 2 அல்லது 4 விழுந்தால் கிடைக்கும், ஆனால் வலப்பக்கத்தில் இருப்பவர் அதற்கொரு விலை சொல்வார். இதற்கும் 16இல் 6 வாய்ப்பு. 3 விழுந்தால் கிடைக்காது. 16இல் 4 வாய்ப்பு. தோற்றவர் அடுத்து வேறொருவரை நாட வேண்டும். எண்ணற்ற அட்டவணைகள் தேவையில்லை. ஒரு மணி நேரத்தில் ஆடி முடிக்கலாம்.

6. சில ஐயங்கள்

பகடை என்றதும் சூதாட்டம் நினைவுக்கு வருவது இயல்பு. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூதைக் கடிகிறது. ஆனால் அங்கே கடியப்படுவது பொருளைப் பணயம் வைத்துத் தன்னை இழத்தல். இங்கே பணயம் இல்லை. வென்றவர் தோற்றவர் என்ற பிரிவும் இல்லை.

பாடத்திட்டத்தில் இதற்கு நேரம் எங்கே என்ற வினா இதனினும் வலியது. வாரந்தோறும் இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தமிழ் மன்றக் கூட்டங்களில் மாதம் ஒருமுறை ஆடலாம். மாணவர் இடையிடையே மலாயும் ஆங்கிலமும் கலந்தால் ஆசிரியர் குறுக்கிடாதிருப்பது நலம். துறைமுகத்தில் பல மொழிகள் ஒலித்தன. எழுத்தரின் பாத்திரமே அதற்குச் சான்று. ஆட்டம் முடிந்த பின், எந்த இடத்தில் தமிழ்ச்சொல் கிடைக்காமல் தடுமாறினோம் என்று மாணவரே பட்டியலிடட்டும். அப்பட்டியலே அடுத்த நாளின் சொற்பாடம். இறுதியில் ஒவ்வொருவரும் தாம் பேசியவற்றுள் சிறந்த ஒன்றைத் தேர்ந்து, யார் யாரிடம் எச்சூழலில் கூறியது என்ற அடிக்குறிப்போடு எழுதித் தரட்டும். அகப்பாடலின் கூற்று என்பது யாது என அதன்பின் நாம் தனியே விளக்க வேண்டியிராது.

வீட்டில் தாயக்கட்டை இருப்போர் அவற்றை அடுத்த மன்றக் கூட்டத்திற்கு எடுத்து வருக. ஐந்து மாணவரும் ஒரு மேசையும் போதும்.