பிழையால் பிழைக்கும் கிருமி

சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்படும் மின்தொடர்வண்டி, தாம்பரத்தை அடைவதற்குச் சற்று முன்னர் ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் நிலையத்தில் நிற்கிறது. 1928ஆம் ஆண்டு மருத்துவர் சௌரிமுத்து அங்கு நிறுவிய காசநோய் மருத்துவமனையே அப்பெயருக்குக் காரணம். தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே அந்நாளைய சிகிச்சை; காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து அன்று உலகில் எங்கும் இல்லை.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. நோயாளிகள் தேறினர். எனினும், அம்மருந்து மட்டுமே அளிக்கப்பட்டவர்களுள் பலர் சில மாதங்களில் மீண்டும் நலிவுற்றனர். கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறியிருந்தது. அத்தகைய மாற்றத்திற்குத் துணைநிற்கும் நொதியொன்றின் பணியை, 2003ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க, அமெரிக்க ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். அதன் பெயர் டிஎன்ஏஇ2.

கிருமி பெருகுவதற்கு முன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுத்தாக வேண்டும். அப்பணியைச் செய்யும் வழக்கமான நொதி மிகக் கண்டிப்பானது. உருக்குலைந்த காரம் ஒன்று எதிர்ப்பட்டால், அது தன் அச்சுக்குப் பொருந்தாமையால் அங்கேயே நின்றுவிடும். படியெடுத்தல் நின்றால் செல் மடியும். உடலின் வெள்ளணுக்கள் கிருமியின்மீது வேதிப்பொருள்களைப் பொழிந்து இச்சிதைவையே விளைவிக்கின்றன. அந்நெருக்கடியில் டிஎன்ஏஇ2 உருவாகி, சிதைந்த இடத்திற்கு எதிரே ஏதேனும் ஒரு காரத்தை அமைத்துக் கடந்து செல்கிறது. அக்காரம் தவறானதாகவும் இருக்கலாம், செல் பிழைத்துவிடுகிறது. அப்பிழை, ரிஃபாம்பிசின் மருந்து பற்றிக்கொள்ளும் புரதத்தின் மரபணுவில் நேர்ந்தால், மருந்து பற்ற இடமின்றிப் போகிறது. இந்நொதி நீக்கப்பட்ட கிருமிகள் எலிகளின் உடலில் நலிந்தன. மருந்தெதிர்ப்பும் குறைந்தே தோன்றியது.

இவ்வகை நொதிகள் யாவும் கேடு விளைப்பன அல்ல. புறஊதாக் கதிரால் சிதைந்த டி.என்.ஏ.வை மனித செல்லில் பெரும்பாலும் சரியாகவே படியெடுக்கும் ‘பாலிமரேஸ் ஈட்டா’ இல்லாதவர்க்குத் தோல் புற்றுநோய் எளிதில் வருகிறது.

ரிஃபாம்பிசினை எதிர்க்கும் மாற்றம் ஏறத்தாழப் பத்துக் கோடிக் கிருமிகளுள் ஒன்றில் தானாகவே நேரும். ஐசோனியசிட்டை எதிர்ப்பது பத்து இலட்சத்தில் ஒன்று. இரண்டும் ஒரே கிருமியில் அமைய ஒரு கோடிக் கோடிக் கிருமிகள் வேண்டும். நோயாளியின் நுரையீரலில் அத்தனை கிருமிகள் இரா. பல மருந்துகளைச் சேர்த்து, மாதக்கணக்கில் இடைவிடாது அளிப்பதன் காரணம் இக்கணக்கே. இருமல் நின்றவுடன் மாத்திரையை நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகிப் புதிய பிழைகளுக்கு இடந்தரும். டிஎன்ஏஇ2-ஐத் தடுக்கும் துணைமருந்து ஒன்று கிடைத்தால், கிருமியைக் கொல்லாவிடினும் அது மாறுவதைத் தாமதப்படுத்தலாம் என்பது ஆய்வாளர் எதிர்பார்ப்பு.