சிம்போசியத்துக்கு ஒரு புனைபெயர்!

போன வருஷ சிம்போசியம் போஸ்டரைக் கொஞ்சம் உத்துப் பாருங்க பாஸ்... அடியில் ‘தொடர்புக்கு’ என்று யாரோ ஒரு ஃபைனல் இயர் அண்ணனின் சொந்த மெயில் ஐ.டி. இருக்கும். அண்ணன் இப்போ பெங்களூருவில் வேலையில் பிஸி. ஸ்பான்சர் கம்பெனி இந்த வருஷமும் அதே ஐ.டி.க்கு மெயில் தட்டினா, பதில் யார் போடுவா?

காலேஜுக்குச் சொந்த மெயில் சர்வர் இருந்தால், இதற்கு ஒரே வரியில் மருந்து இருக்கு. பேரு, ஏலியாஸ். புனைபெயர்னே வெச்சுக்கலாம். சுஜாதாவுக்கு வந்த கடிதங்களை ரங்கராஜன் பிரிச்சுப் படிச்ச மாதிரிதான்! (அது அவர் மனைவி பெயர் என்பது தனிக்கதை.) ‘சிம்போ’ என்ற முகவரிக்கு இன்பாக்ஸும் கிடையாது, பாஸ்வேர்டும் கிடையாது. வருகிற மெயிலை அந்த வருஷச் செயலாளர்களின் பெட்டியில் போட்டுவிடும், அவ்வளவுதான்.

சர்வரில் ஓடுவது, வீட்ஸ வெனிமா எழுதி 1998-ல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் என்றால், ‘ஏலியாசஸ்’ ஃபைலைத் திறக்கணும். இடப்பக்கம் சிம்போ, நடுவில் முக்காற்புள்ளி, வலப்பக்கம் கமா போட்டு யூசர் பெயர்கள். அப்புறம் ‘நியூஏலியாசஸ்’ கமாண்ட். அதை விட்டால் சர்வர் பழைய பட்டியலையே பிடிச்சுத் தொங்கும். அடுத்த வருஷம் வலப்பக்கம் மட்டும் மாறும். போஸ்டரில் முகவரி அப்படியே!

காலேஜ் பெயரோடு டொமைனும் மாறிட்டா? பழைய முகவரி ஒவ்வொன்றையும் ‘வர்ச்சுவல்’ ஃபைலில் எழுதி, பக்கத்திலேயே புது முகவரி. இங்கே முக்காற்புள்ளி வேண்டாம், இடைவெளி போதும். முடிச்சதும் ‘போஸ்ட்மேப்’. பழைய டொமைனை ‘வர்ச்சுவல் ஏலியாஸ் டொமைன்ஸ்’ வரியில் சேர்த்தால், ‘மைடெஸ்டினேஷன்’ வரியிலிருந்து எடுத்துடணும். ரெண்டிலும் இருக்கக் கூடாது. அந்த டொமைனுக்கு வருஷா வருஷம் பணம் கட்டுறதையும் நிறுத்தக் கூடாது. வேற யாராவது வாங்கிட்டா, உங்க மெயில் எல்லாம் அவங்க வீட்டுக்குப் போகும்!

முப்பது பெயரை யார் டைப் பண்றதுன்னு கை அரிக்கும். டொமைன் மொத்தத்தையும் ஒரே வரியில் திருப்பவும் வழி உண்டு. என்னைக் கேட்டா, வேண்டவே வேண்டாம். இல்லாத ஆளுக்கு வர்ற ஸ்பேமையும் சர்வர் முதலில் வாங்கிக்கும். பிறகுதான் ‘அப்படி யாரும் இல்லை’ என்று திருப்பி அனுப்பும். யாருக்கு? ஸ்பேம்காரன் திருட்டுத்தனமாப் போட்ட அனுப்புநர் முகவரிக்கு! குப்பை ஏதோ ஓர் அப்பாவி தலையில், கெட்ட பெயர் உங்க சர்வருக்கு.

இன்னொண்ணு... ஏலியாஸுக்கு மெயில் வாங்க மட்டும்தான் தெரியும். பதில் போடும்போது ‘ஃப்ரம்’ முகவரியை சிம்போன்னு மாத்த மறந்தா, ஸ்பான்சரோட அட்ரஸ் புக்கில் மறுபடியும் உங்க சொந்த ஐ.டி.தான் ஏறும்!