அழகுக் கதிரை நம்பாத அமைச்சர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மக்காச்சோளக் கதிர்களுக்கு அழகுப் போட்டி நடக்கும். மணி வரிசை நேராக இருக்கிறதா, நுனிவரை நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். பரிசுக் கதிரே விதைக்கு உகந்தது என்பது பேராசிரியர் வாக்கு. பள்ளி மாணவனான ஹென்றி வாலஸ் அதை அப்படியே ஏற்கவில்லை. உயர்வாக மதிப்பிட்ட கதிர்களையும் மட்டம் என்று ஒதுக்கியவற்றையும் தனித்தனியே விதைத்து, அறுவடையை எடைபோட்டுப் பார்த்தான். முதலிடம் பெற்ற கதிர் மகசூலில் பின்தங்கியது. ஒதுக்கியவற்றில் சில அள்ளிக் கொடுத்தன.

1926-ல் வாலஸ் தொடங்கிய வீரிய ஒட்டு மக்காச்சோள விதைக் கம்பெனிதான் பின்னாளில் ‘பயனியர்’ ஆனது. 1933-ல் அயோவாவின் மக்காச்சோளப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட வீரிய ஒட்டு ரகம் இல்லை. பத்தே ஆண்டில் ஏறக்குறைய முழுவதும் அதுதான்.

அதே 1933-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வாலஸை விவசாய அமைச்சராக்கினார். விளைபொருள் விலை அடிமட்டத்துக்குப் போயிருந்த நேரம். மகசூலைப் பெருக்கப் பாடுபட்டவரே, சாகுபடியைக் குறைக்கும் விவசாயிக்குப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. விலையை உயர்த்த சுமார் 60 லட்சம் பன்றிக்குட்டிகள் கொல்லப்பட்டதை நாடே ஏசியது. விளைச்சல் மிகுந்த ஆண்டில் சேமித்துப் பஞ்ச ஆண்டில் வெளியே விடும் அரசுக் களஞ்சியத் திட்டத்தை, பழைய சீன வழக்கத்தைப் படித்து அவர் கொண்டுவந்தார். அதுவே அவர் பதவிக்காலத்தின் சிறந்த வேலை.

1941-ல் துணை ஜனாதிபதியானார். 1944-ல் கட்சிப் பெரிய மனிதர்கள் அவரைக் கழற்றிவிட்டு ட்ரூமனை நிறுத்தினார்கள். ட்ரூமன் துணை ஜனாதிபதியாகப் பதவியேற்ற 82-வது நாள் ரூஸ்வெல்ட் காலமானார். ஜனாதிபதி நாற்காலி ட்ரூமனுக்குப் போனது. 1948-ல் தனிக்கட்சி சார்பில் நின்ற வாலஸ், கறுப்பினத்தவரைத் தனியே உட்காரவைக்கும் கூட்டங்களில் பேச மறுத்தார். தென் மாநிலங்களில் முட்டையும் தக்காளியும் பறந்தன. ஒரு மாநிலத்தில்கூட வெல்லவில்லை.

என்றாலும் அவரைத் தோற்றவர் என்று எழுதிவிட முடியாது. 1940 இறுதியில் மெக்சிகோ சென்றவர், அங்கே உழவர் படும் பாட்டையும் கிடைக்கும் சொற்ப மகசூலையும் கண்டு, ராக்பெல்லர் அறக்கட்டளையிடம் எடுத்துச் சொன்னார். 1943-ல் அங்கே அறக்கட்டளையின் பயிர் ஆராய்ச்சி தொடங்கியது. மறு ஆண்டு, பின்னாளில் கோதுமை ஆராய்ச்சியால் பெயர்பெற்ற நார்மன் போர்லாக் வந்து சேர்ந்தார். 1966-ல் இந்தியா இறக்குமதி செய்த 18,000 டன் கோதுமை விதை அந்த வழியில் வந்ததுதான். நம் பசுமைப் புரட்சியின் நல்லது கெட்டதை எழுதுகிறவர்கள் வாலஸிலிருந்து தொடங்க வேண்டும்.