சத்தம் வேறு, சக்தி வேறு!

நெல்லை ஈரடுக்குப் பாலத்தின் மேல் ஒரு புல்லட் 'டமடம'வென்று அதிர்ந்து போகிறது. புது ஸைலன்ஸராம்! "குதிரைச் சக்தி ஏறிவிட்டது, ஸார்!" என்கிறார் சொந்தக்காரர். ஏறியது சக்தியா, சத்தமா?

கன்னடியன் கால்வாயை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமதகைத் தொடாமல், கடைசியில் வடிகாலை மட்டும் அகலமாக வெட்டினால் கால்வாயில் தண்ணீர் பெருகுமா? எஞ்சினும் அப்படித்தான். காற்றும் பெட்ரோலும் கூடுதலாக உள்ளே போய் எரிந்தால்தான் சக்தி கூடும். பழைய 350 ஸி.ஸி. புல்லட்டுக்கு இருப்பதே சுமார் 18 குதிரை. புகை வெளியேறும் வாசலை மட்டும் மாற்றினால் கிடைப்பது சொற்பம். மெதுவாகப் போகும்போது இழுவை குறைந்துவிடுவதும் உண்டு.

ஏர் பில்ட்டரையும் மாற்றினால்? கார்புரேட்டர் ஜெட்டையும் அதற்கேற்ப மாற்றியாக வேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் ஓரளவு பலன் உண்டு. இல்லையேல் காற்று மிகுந்து, பெட்ரோல் குறைந்து, எஞ்சின் கொதிக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி காப்பிப்பொடி நிறமாயிருந்தால் க்ஷேமம். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் பிஸ்டனுக்கு ஆபத்து!

சட்டமும் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ம் வருஷத்துத் திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம். ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம்.

ஆசை விடவில்லையா? முதலில் டாப்பெட்டையும் இக்னிஷன் டைமிங்கையும் சரி பாருங்கள். பழைய பில்ட்டரைச் சுத்தம் செய்யுங்கள். வண்டியோடு வந்து, வழியில் நழுவிப்போன குதிரைகள் செலவில்லாமலே லாயத்துக்குத் திரும்பிவிடும்!