சுருதி ஒலியில் எழும் சொடுக்கு

மார்கழித் திங்களில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் கச்சேரி கேட்போர், பாடகரருகே சிறு மின்பெட்டியொன்று சுருதி கூட்டுதலைக் கண்டிருப்பர். பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்னும் பொறியியலார் 1979-இல் மின் தம்பூராவை ஆக்கியபின் இஃது எங்கும் பரவிற்று. இன்று இசைப்பற்றுடைய மாணவர் கணிப்பொறியிலேயே இத்தகைய சுருதியை ஆக்க முயல்கின்றனர். அவர்க்கு முதலில் நேரும் இடர், ஒலி தொடங்குமிடத்தும் முடியுமிடத்தும் 'டிக்' என எழும் சொடுக்கேயாம். ஆலாபனையில் பாடகர் மந்தர ஸ்தாயியில் மெல்ல நிற்குங்கால் இச்சொடுக்கு எழுமாயின், பாடுவோர் செவியும் கேட்போர் செவியும் சுருதியை விட்டு அதன்பாற் செல்லும்.

இதன் காரணம் யாதெனின், ஒலிபெருக்கியின் திரை அலைக்கேற்ப முன்னும் பின்னும் அசைவது. அலை உச்சியில் நிற்கும்போது ஒலியைத் துண்டிப்போமாயின், திரை ஒரே தாவலில் நடுநிலைக்கு மீளல் வேண்டும். திடீர்த் தாவல் ஒன்றில் எண்ணற்ற அதிர்வெண்கள் கலந்திருக்கும் என்பது, பிரெஞ்சு அறிஞர் பூரியே 1822-இல் வெளியிட்ட கணிதத்தினின்று பெறப்படும். அக்கலவையே செவிக்குச் சொடுக்காகின்றது.

ஆதலின் ஒலியைச் சட்டெனத் திறவாது, 5 அல்லது 10 மில்லிவினாடியில் சுழியினின்று முழு அளவிற்கு ஏற்றுக, அவ்வாறே இறக்குக. வினாடிக்கு 44,100 மாதிரிகள் கொள்ளும் பொறியில் 10 மில்லிவினாடி என்பது 441 மாதிரிகளாம். அலை சுழியைக் கடக்குமிடத்தில் வெட்டினாற் போதுமே என்பாருமுளர். அது பெரிதும் உதவும். ஆயினும் அலையின் சாய்வு ஆண்டு முறிதலின் மெல்லிய சொடுக்கு எஞ்சும். தம்பூராவின் மீட்டொலிக்கு மட்டும் ஏற்றம் 1 அல்லது 2 மில்லிவினாடியே இருத்தல் நன்று. இன்றேல் மீட்டின் கூர்மை மழுங்கிவிடும்.

1935-இல் வெளிவந்த ஹாமண்டு மின் ஆர்கனிலும் கட்டையை அழுத்துந்தோறும் இச்சொடுக்கு எழுந்தது. ஆக்கியோர் குறையென்றனர்; பின்னாளில் ஜாஸ் வாசிப்போர் அதனையே விரும்பினர்! நம் சுருதிக்கு அவ்விருப்பம் பொருந்தாது.

சிறு துண்டொன்றையே மீளமீள ஒலிப்பிப்போர்க்கு வேறோர் இடர் உண்டு. ஒன்றரைக் கட்டை ஸட்ஜம் வினாடிக்கு ஏறத்தாழ 139 அதிர்வு. கணக்கிற்கு 140 எனக் கொள்வோம். பஞ்சமம் அதனின் ஒன்றரை மடங்காகிய 210. 630 மாதிரிகளில் ஸட்ஜம் இரண்டு முழு அலைகளையும் பஞ்சமம் மூன்றையும் முடிக்கும். அங்கே இணைத்தால் தையல் தெரியாது. 600-இல் இணைத்தாலோ வினாடிக்கு எழுபதுக்கு மேற்பட்ட சொடுக்குகள் எழுந்து, சுருதியே கரகரப்பாகிவிடும். சுருதியை அரைக் கட்டை ஏற்றும்போதும் அலையைப் புதிதாகத் தொடங்காது, நின்ற நிலையினின்றே புதிய அதிர்வெண்ணில் தொடரச் செய்க.