வெளியே நிற்பவர்கள் – 17: மௌலா அலி வரை வந்த வழக்கு

மகன் பேரறிவாளனின் விடுதலைக்காக அற்புதம்மாள் அலைந்த முப்பத்தோரு ஆண்டு அலைச்சலைச் சென்ற வாரம் முடித்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. மாவோயிஸ்ட் தொடர்பு என்று உபா எனும் சட்டவிரோதச் செயல்கள் (தடுப்பு) சட்டத்தில் தண்டிக்கப்பட்ட பேராசிரியர் ஜி.என். சாய்பாபா வழக்கின் மின்னணுச் சாட்சியங்களை இந்த வாரம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன், அவருடைய இறுதிப் பயணம் சென்ற மௌலா அலிக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஹைதராபாத்தின் வடகிழக்கில் உள்ள பகுதி அது. ரயில்வே குடியிருப்புகள், டீசல் இன்ஜின் ஷெட், வீட்டு வசதி வாரியக் காலனி. இவற்றுக்கு மேலே ஒரு பெரிய பாறைக் குன்று, அதன் உச்சியில் குதுப்ஷாஹி காலத்திலிருந்து ஹஸ்ரத் அலியின் பெயரால் வணங்கப்படும் தர்கா.

2024 அக்டோபர் 14, திங்கட்கிழமை. நிம்ஸ் மருத்துவமனையிலிருந்து புறப்பட்ட சாய்பாபாவின் உடல், தெலங்கானா தியாகிகளின் நினைவுத் தூண் நிற்கும் கன் பார்க் வழியாக மௌலா அலி ஜவஹர் நகருக்கு வந்தது. உறவினர்களும் மாணவர்களும் தோழர்களும் அஞ்சலி செலுத்தினார்கள். சிதைக்கு அங்கே வேலை இருக்கவில்லை. கண்கள் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனைக்கு, உடல் காந்தி மருத்துவக் கல்லூரிக்கு என்பது அவருடைய விருப்பம். மனைவி வசந்தாவும் மகள் மஞ்சீராவும் அதை நிறைவேற்றினார்கள். வாழ்நாளெல்லாம் ஆசிரியராக இருந்தவர், இறந்த பிறகும் மாணவர்களிடமே போனார்.

தேதியைக் கவனியுங்கள். சரியாக இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2022 அக்டோபர் 14 வெள்ளிக்கிழமை, மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அவரை விடுவித்தது. மறுநாள் சனிக்கிழமை விடுமுறை. ஆனாலும் உச்ச நீதிமன்றம் சிறப்பு அமர்வாகக் கூடி அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. வீட்டுக் காவலிலாவது வையுங்கள் என்ற வேண்டுகோளும் ஏற்கப்படவில்லை. இன்னொரு தேதிப் பொருத்தமும் உண்டு. கட்சிரோலி நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது 2017 மார்ச் 7. கடைசியில் நாக்பூர் சிறையின் கதவு திறந்தது 2024 மார்ச் 7. அதன் பிறகு அவர் வாழ்ந்தது ஏழே மாதம்.

அமலாபுரத்தில் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் போலியோ கால்களைப் பறித்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் ராம் லால் ஆனந்த் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவரை, 2014 மே 9 அன்று கல்லூரியிலிருந்து வீடு திரும்பும் வழியில் மகாராஷ்டிரக் காவல்துறை பிடித்துச் சென்றது. தொண்ணூறு விழுக்காடு உடல் ஊனமுற்றவரை அடைத்தது அண்டா செல்லில், முட்டை வடிவில் கட்டப்பட்ட உயர் பாதுகாப்புக் கொட்டடியில். இடையில் இருமுறை ஜாமீன் கிடைத்தது. தண்டனைக்குப் பிறகு அதுவும் இல்லை. 2020 ஆகஸ்டில் தாய் சூர்யவதி ஹைதராபாத்தில் புற்றுநோயில் இறந்தபோது, மகனைப் பார்க்க வேண்டும் என்ற அந்தத் தாயின் ஆசைக்கும் பரோல் கிடைக்கவில்லை, இறுதிச் சடங்குக்கும் கிடைக்கவில்லை. 2022 மே மாதம் கொட்டடிக்கு எதிரே, கழிப்பது குளிப்பது உட்பட எல்லாம் பதிவாகும்படி கேமரா பொருத்தினார்கள். அதை அகற்றச் சொல்லியும் தண்ணீர் குடிக்க ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கேட்டும் அவர் உண்ணாவிரதம் இருந்தார். ஒரு தண்ணீர் பாட்டிலுக்காகப் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது என்பதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

அந்தக் கொட்டடிக்குள் அவர் என்ன செய்தார் என்று தேடியபோதுதான் இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருக்கும் செய்தி கிடைத்தது. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் இளமைக்கால நினைவு நூலைச் சாய்பாபா சிறையிலிருந்தபடியே தெலுங்கில் மொழிபெயர்த்திருக்கிறார். 2018 பிப்ரவரியில் கூகியே ஹைதராபாத்துக்கு வந்து அந்த நூலை வெளியிட்டார். மூல ஆசிரியர் மேடையில், மொழிபெயர்ப்பாளர் சிறையில்.

இது இத்துடன் நிற்கவில்லை. கூகியே ஒரு சிறைவாசி. கிகூயு மொழியில் உழவர்களையும் தொழிலாளர்களையும் நடிக்க வைத்து நாடகம் போட்டதற்காக 1977 டிசம்பர் இறுதியில் அவரைப் பிடித்தார்கள். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. கமிட்டி உயர் பாதுகாப்புச் சிறையில் அவர் ஒரு நாவலை எழுதியது கழிப்பறைக் காகிதத்தில். சிறையில் கொடுத்த காகிதம் முரடானது, உடம்புக்கு ஆகாதது, பேனாவுக்கு மட்டும் தோதானது. எழுதி வைத்திருந்ததை ஒருமுறை காவலர்கள் பறித்துப் போனார்கள். நல்ல காலம், பிறகு திரும்பி வந்தது. அதுதான் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்று தமிழிலும் நாம் படித்த நாவல். 1980களில் சிறையிலிருந்த தெலுங்குக் கவிஞர் வரவர ராவ் அதே நாவலைச் சிறையிலிருந்தே தெலுங்காக்கினார். ஒரு தலைமுறை கழித்துச் சாய்பாபா, மறுபடியும் கூகி, மறுபடியும் சிறை. நைரோபியில் தொடங்கி நாக்பூர் வரை மூன்று கொட்டடிகளை ஒரே எழுத்தாளரின் நூல்கள் இணைத்திருக்கின்றன. கூகிக்காக அன்று அம்னெஸ்டி உலகெங்கும் குரல் கொடுத்தது. 1978 டிசம்பரில் அவர் வெளியே வந்தார். நாற்பதாண்டு கழித்துச் சாய்பாபாவின் விடுதலைக்கான கடிதத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். 2025 மே மாதம் அவரும் போய்விட்டார்.

கையெழுத்துப் போடுவது எளிது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். சாய்பாபாவின் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங் 2018 ஜூனில் பீமா கோரேகான் வன்முறை வழக்கில் கைதானார். சாய்பாபாவின் விடுதலைக்காக அமைந்த குழுவில் உழைத்த ரோனா வில்சனும் அதே நாளில் கைதானார். அதே குழுவைச் சேர்ந்த தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர் ஹனி பாபு 2020 ஜூலையில். 2015இல் சாய்பாபாவுக்காகக் கட்டுரை எழுதிய அருந்ததி ராய்க்கு வந்தது நீதிமன்ற அவமதிப்பு நோட்டீஸ். ஹைதராபாத்தின் பேராசிரியர் ஹரகோபால் தலைமையில் அந்தக் குழு இத்தனைக்கும் நடுவில் நின்றது. வசந்தாவும் நின்றார். மனு எழுதுவது, வழக்கறிஞரைத் தேடுவது, மருந்துப் பொட்டலத்தைச் சிறைக்குள் சேர்ப்பது என்று பத்தாண்டுகள் அவருக்கு வேறு வாழ்க்கை இல்லை.

இத்தனை பேர் குரல் கொடுத்த இந்த வழக்கில் குரலே கேட்காத ஒருவரும் இருந்தார். பெயர் பாண்டு நரோட்டே. கட்சிரோலியின் பழங்குடி இளைஞர். வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் ஆறு பேர், அவர்களில் ஆயுள் தண்டனை பெற்ற ஐவரில் இவர் ஒருவர். 2022 ஆகஸ்டில் சிறைவாசத்தின்போதே காய்ச்சல் கண்டு இறந்தார், வயது 33. முதல் விடுதலைத் தீர்ப்பு ஏழு வாரம் கழித்து வந்தது. விடுவிக்கப்பட்டவர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது, அவர்தான் இல்லை. உலகப் பேரறிஞர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கடிதம் எழுதியதில்லை. இதற்காகப் பேராசிரியருக்காகப் போராடியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வழக்கு உயிரோடிருந்தது அவர்களால்தான், தீர்ப்பின் பலன் ஆறு பேருக்கும் கிடைத்ததும் அதனால்தான். ஆனால் விடுதலைக்காகப் போராடுகிறவர்கள் இதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். கைதியின் புகழைப் பிடித்துக்கொண்டு போராடினால் புகழ் உள்ளவர்தான் பிழைப்பார். வழக்கின் காகிதங்களைப் பிடித்துக்கொண்டு போராடினால் எல்லாரும் பிழைக்க வழியுண்டு.

எந்தக் காகிதம்? உபா சட்டத்தின் 45ஆம் பிரிவுப்படி, அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க முடியாது. 2008 திருத்தத்துக்குப் பிறகு அந்த அனுமதிக்கு முன்பாக, சாட்சியங்களைத் தனியாக ஓர் அதிகாரி பரிசீலித்து அறிக்கை தர வேண்டும். அவருக்கு ஏழு வேலை நாள், அரசுக்கு ஏழு வேலை நாள். மக்களுக்கு இந்தச் சட்டத்தில் இருக்கும் மிகச் சில பாதுகாப்புகளில் இது ஒன்று. சாய்பாபா விஷயத்தில் அனுமதி வந்ததே 2015 ஏப்ரல் 6 அன்றுதான், நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்த பிறகு. 2022 தீர்ப்பு, அனுமதியில் இருந்த குறைபாடு என்ற ஒரே புள்ளியில் எல்லாரையும் விடுவித்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் அதை ரத்து செய்து வேறு அமர்வு புதிதாக விசாரிக்கட்டும் என்றது. நீதிபதிகள் வினய் ஜோஷியும் வால்மீகி மெனெசஸும் 2024 மார்ச் 5 அன்று தந்த தீர்ப்பு, ஆறு பேருக்குமான அனுமதியும் செல்லாது என்றது. அந்தப் பரிசீலனை அறிக்கை, காரணம் எதுவும் சொல்லாத அரைப் பக்கக் குறிப்பு. அரைப் பக்கத்தை நம்பி ஆறு பேரைப் பத்தாண்டு அலைக்கழித்திருக்கிறார்கள். மகாராஷ்டிர அரசின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றாலும், தீர்ப்பு காரணங்களோடு எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லித் தடை தர மறுத்துவிட்டது.

அந்தத் தீர்ப்பு அனுமதியோடு நிற்கவில்லை. வீட்டுச் சோதனையில் எழுதப் படிக்கத் தெரியாதவரைச் சாட்சியாக வைத்தது, கைப்பற்றிய மின்னணுப் பொருள்களைச் சட்டப்படி நிரூபிக்காதது எல்லாவற்றையும் அது துருவிப் பார்த்தது. ஒரு தத்துவத்தை இணையத்திலிருந்து தரவிறக்கி வைத்திருப்பது மட்டுமே குற்றமாகாது என்றும் சொன்னது. இதைத்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். அரைகுறையாகத் தொட்டுவிட்டு நகரும் விஷயம் இல்லை இது. அடுத்த வாரம் முழுக்க அதுதான்.

அதுவரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் யாராவது உபாவில் சிறையிலிருந்து, குடும்பம் உதவி கேட்டு வந்தால், அவர் கட்சி என்ன, கொள்கை என்ன என்று விசாரிக்கும் முன் அனுமதி உத்தரவின் நகலைக் கேளுங்கள். எந்தத் தேதியில் வந்தது, எத்தனை பக்கம், யார் பரிசீலித்தார் என்று வழக்கறிஞரோடு உட்கார்ந்து பாருங்கள். பாண்டு நரோட்டேவுக்காக இதை யாரும் 2015இலேயே ஊரறியக் கேட்கவில்லை. அடுத்தவருக்காகவாவது நாம் கேட்போம்.

(தொடரும்)